ஊசிக்காது

கில்கெல்லான்,
1957 மே 12

கோல்மன் அண்ணே,

இதை உக்காந்து படி. நின்னுக்கிட்டே படிச்சா சந்தோஷத்துல விழுந்து வெச்சுடுவே, அப்புறம் அண்ணி என்னைத் திட்டுவாங்க.

கோயிலைக் காப்பாத்திட்டோம்! நம்ம கெல்லான் கோயிலை, கூரை இல்லாம முந்நூறு வருஷமா மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கற அந்தக் கிழட்டுக் கோயிலை, உன் தங்கச்சி காப்பாத்திட்டா. போன குளிர்காலப் புயல்ல கிழக்கு முகட்டுச் சுவர் மாசமான பொம்பளை வயிறு மாதிரி வெளியே தள்ளிக்கிச்சே, அதைப் பாத்துட்டு கவுன்சில்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா? யார் தலையிலயாவது விழறதுக்குள்ள கயிறு கட்டி இழுத்துத் தள்ளிடறோம்னாங்க. என் கடை வாசல்லயே நின்னு சொன்னாங்க. "தாராளமாத் தள்ளுங்க ஐயா, ஆனா முதல்ல என்னைத் தள்ளிட்டு அப்புறம் சுவர்கிட்ட போங்க"ன்னேன். என் உடம்பை ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்தாங்க. அப்படியே திரும்பிப் போயிட்டாங்க.

அப்புறம் கமிட்டி போட்டோம். யார் தலைவின்னு நீ கேக்க வேண்டாம். டைக் ரூவாவை, அதான் அந்தச் செம்பட்டைத் தலைக் கொத்தனாரை, சாராயக் கடையிலிருந்து இழுத்துக்கிட்டு வந்தேன். கிழக்குச் சன்னல்தான் சுவருக்குக் கேடுன்னு சொன்னான். நடுவுல ஆள் உயரத்துக்கு ஓட்டை இருந்தா சுவர் எப்படி நிக்கும்? அடியிலிருந்து உச்சி வரைக்கும் கல்லு அடுக்கி, கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசி அடைச்சுட்டான். இப்போ நாலு காளை மாடு முட்டினாலும் அசையாது. அழகு கொஞ்சம் போச்சுதான். உசிரு பெருசா, அழகு பெருசா?

டப்ளின்லேருந்து ஹாலிகன்னு ஒரு எஞ்சினியர் வந்தார். அரசாங்கமே இந்தக் கோயிலை எடுத்துப் பராமரிக்கலாமா வேண்டாமான்னு பாத்துச் சொல்றவர். திசைகாட்டியைக் கையில வெச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி வந்து, "இது நேர் கிழக்கே பாக்கல அம்மா, கொஞ்சம் வடக்கே திரும்பியிருக்கு. கட்டினவங்க கணக்கு தப்பிட்டாங்க"ன்னார். இதைத்தான் பக்கத்துப் பங்குக்காரங்களும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்களே, குடிச்சுட்டுக் கட்டின கோயில்னு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "எண்ணூறு வருஷமா நிக்குது ஐயா. உங்க ஆபீஸ் அவ்வளவு நாள் நிக்குமா?"ன்னு கேட்டேன். நல்ல மனுஷர், சிரிச்சுட்டார். என் ரொட்டியை வெண்ணெய் தடவித் தடவித் தின்னார். செப்டம்பர்ல மறுபடி வந்து முடிவு சொல்வாராம்.

ஆகஸ்ட்ல கெல்லான் திருவிழாவுக்குத் தீவுப் படகு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வா. ஒரு கல்லைக்கூடத் தூக்கிக் குடுக்காத உங்களுக்கும் சேத்துத்தான் பூசை சொல்லச் சொல்லியிருக்கேன்.

கமிட்டித் தலைவி, போனாப் போகுதுன்னு உன் தங்கச்சி,
பாபின்


இனிஷ்லா,
மே 20

பாபின்,

சன்னலைத் திற.

நேத்து என் மூத்தவன் ஃபெஸ்டி மீனை ஏத்திக்கிட்டு உங்க துறைக்கு நூல் கோர்க்க வந்தான். நேரா குட்டிப்பன்றிப் பாறை மேல ஏத்திட்டான். அடிப்பலகை பிளந்துடுச்சு. பூட்ஸால தண்ணியை இறைச்சுக்கிட்டே திரும்பி வந்திருக்காங்க, மூணு பேரும். கடவுள் இருக்கார், ஆள் தப்பிச்சாங்க. எத்தனை தலைமுறையா இந்த வீட்டு ஆள் எவனும் பன்றியில மோதினதில்லை. அவன் அவமானத்துல சாப்பிட மாட்டேங்கறான்.

ஊசியோட காதை அடைச்சுட்டு, நூல் கோர்க்க வாங்கன்னு கூப்பிடறே. திருவிழாவுக்கு ஒரு படகும் வராது. நீ முழுக் கரைக்காரியா மாறிட்டே.

கமிட்டித் தலைவிக்கு என் கும்பிடு.

கோல்மன்


கில்கெல்லான்,
மே 27

அண்ணே,

முதல்ல ஃபெஸ்டி எப்படி இருக்கான்? தபால் படகுல சர்க்கரையும் கம்பளிச் சட்டையும் அனுப்பியிருக்கேன். அவனைச் சாப்பிடச் சொல்லு, அத்தை சொன்னான்னு சொல்லு.

இப்போ உன் விஷயத்துக்கு வர்றேன். உனக்கு மூளை கடல் தண்ணியில ஊறிப் போச்சா? ஊசின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நானும் அந்தத் தீவுல பொறந்தவதான். துறைக்கு முன்னாடி தாய்ப்பன்றி, குட்டிப்பன்றின்னு தண்ணிக்கடியில ரெண்டு பாறை. அதுக்கு நடுவுல இருக்கற இடுக்குதான் ஊசி. அதுக்குள்ள படகை ஓட்டறதுதான் நூல் கோர்க்கறது. இதுல என் சன்னல் எங்கே வந்துச்சு? கடல்ல இருக்கற பாறைக்கும் மேட்டுல இருக்கற கோயிலுக்கும் என்ன சம்பந்தம்? உங்க வீட்டுல காய்ச்சறதைக் கொஞ்சம் ருசி பாத்துட்டுக் கிளம்பியிருப்பான் பையன். பழியை என் சுவர் மேல போடாதே.

சன்னலைத் திறந்தா முகடு இந்தக் குளிர்காலம் தாங்காதுன்னு டைக் சத்தியம் பண்றான். விழுந்துச்சுன்னா மிச்சத்தையும் கவுன்சில்காரன் வாரிக்கிட்டுப் போய் ரோட்டுக்குப் போட்டுடுவான். ஒரு காரணமும் சொல்லாம "திற"ன்னு நீ ஒத்தை வார்த்தை எழுதினா நான் திறந்துடணுமா? நீ என்ன பிஷப்பா?

கரைக்காரியாம்! வெள்ளிக்கிழமை துறை வரைக்கும் வந்துட்டு, என் கடைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமப் போனியாமே. சுத்துவழியா வடக்குப் பக்கமா வந்தியாம், பாதி நாள் வீணாப் போச்சாம். ஊரே சொல்லிச் சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல.

பாபின்


இனிஷ்லா,
ஜூன் 9

பாபின்,

ஃபெஸ்டி சாப்பிட்டான். சட்டை சின்னது.

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். நீ நெசமாவே தெரியாமத்தான் கேக்கறேன்னு மூணாவது தடவைதான் புரிஞ்சுது. தலையில அடிச்சுக்கிட்டேன். உன் அண்ணி, "சொல்லிக் குடுக்காம அவளுக்கு எப்படித் தெரியும்?"ன்னு கேட்டா. சரி, சொல்றேன். இதைப் படிச்சுட்டு அடுப்புல போடு.

ஊசி பாறை இல்லை. ஊசி நம்ம கோயில்தான்.

மேற்குச் சுவர்ல கதவுக்கு மேல கை அகலத்துக்கு ஒரு சின்னச் சன்னல் இருக்கு இல்லையா? அதுக்கு நேர் எதிரே கிழக்குச் சுவர்ல பெரிய சன்னல். கடல்லேருந்து வரும்போது இந்தச் சின்னச் சன்னல் வழியாப் பாத்தா, அந்தப் பெரிய சன்னலுக்கு அந்தாண்டை இருக்கற வானம் ஒரு கீத்து தெரியணும். தெரிஞ்சா நீ ரெண்டு பன்றிக்கும் நட்ட நடுவுல இருக்கே. கொஞ்சம் நகந்தாலும் இருட்டாயிடும். அந்த வெளிச்சக் கீத்துதான் ஊசிக்காது. "சன்னல் திறந்திருக்கு"ன்னு முன்னாடி இருக்கறவன் கத்துவான், சுக்கான் பிடிக்கறவன் அப்படியே நேரா விடுவான். அவ்வளவுதான் நூல் கோர்க்கறது. அதைத்தான் நீ சுண்ணாம்பு பூசி அடைச்சே.

உன் எஞ்சினியர்கிட்ட சொல்லாதே, ஆனா நீ தெரிஞ்சுக்கோ. கோயில் கோணலாம்! கட்டினவன் கணக்குத் தப்பினானாம்! நம்ம அப்பாவுக்கு அவர் தாத்தா சொன்னதை அப்படியே சொல்றேன். சுவர் எழுப்பறதுக்கு முன்னாடி ஒரு படகு ரெண்டு பன்றிக்கும் நடுவுல நங்கூரம் போட்டு நின்னுச்சு. அதுல நம்ம ஆளுங்க. மேட்டுல துறவிங்க ஆளுக்கு ஒரு கம்போட நின்னாங்க. படகிலேருந்து கத்தறாங்க, இடது பக்கம் தள்ளு, இன்னும் கொஞ்சம், நில்லு, அங்கேயே நடுன்னு. கம்பு நட்ட இடத்துலதான் ரெண்டு சன்னலும் வந்துச்சு. துறவிங்கள்ல மூத்தவர், கோயில் கிழக்கே பாக்கணுமேன்னு தயங்கினாராம். "சூரியன் எப்படியும் வந்துடும் சாமி, படகு வரணுமே"ன்னு நம்ம ஆள் ஒருத்தன் சொன்னானாம். அவர் சிரிச்சுட்டு, சரி நடுன்னுட்டாராம்.

கல்லும் நம்மதுதான். உங்க கரையில எல்லாம் சாம்பல் சுண்ணாம்புக்கல். அந்தக் கோயில் சன்னல் நிலை ரெண்டும் சிவப்புப் புள்ளிக் கருங்கல். அது இனிஷ்லாவைத் தவிர எங்கே கிடைக்கும், சொல்லு? முந்நூறு வருஷம் முன்னாடி சிப்பாய்ங்க கூரைக்குத் தீ வெச்சப்பகூட அந்த நிலை வெடிக்கல.

கரைக்காரங்களுக்கு இதைச் சொல்றதில்லை. சாராயம் பிடிக்க வர்ற கலால்காரன் படகு பன்றியில மாட்டிக்கிட்டு நிக்கும், நம்ம படகு உள்ளே போயிடும். அதனால சொல்றதில்லை. நீ கரைக்காரன் வீட்டுக்குப் போனவ. அப்பா உன்கிட்ட சொல்லாதது அதனாலதான்னு நினைக்கறேன். எனக்கு அது அப்போ சரின்னுதான் பட்டுச்சு.

திற.

கோல்மன்


கில்கெல்லான்,
ஜூன் 24

அண்ணே,

உன் கடிதத்தை அடுப்புல போடல. போட மாட்டேன். என் கல்யாண உடுப்புப் பெட்டியில வெச்சிருக்கேன்.

நான் கரைக்குக் கல்யாணம் ஆகிப் போனதால தெரியாதாம்! காதுல பூ சுத்தாதே. பதினெட்டு வருஷம் அந்தத் தீவுல இருந்தேன். எத்தனை தடவை இந்தத் துறைக்கு வந்திருப்பேன். பொம்பளைங்க படகோட முன்பக்கத்துக்கு முதுகு காட்டித்தான் உக்காரணும், முன்னாடி பாத்தா ஆகாதுன்னு எந்தச் சாமி சொன்னார்? சால்வையைப் போத்திக்கிட்டு, மீன்கூடைக்கு நடுவுல, விட்டு வந்த தீவையே பாத்துக்கிட்டு வருவோம். "சன்னல் திறந்திருக்கு"ன்னு பின்னாலேருந்து சத்தம் வரும். ஏதோ ஜெபம்னு நினைச்சு நானும் அம்மாவும் சிலுவை போட்டுக்குவோம்! இத்தனை வருஷமா ஒரு திசைக்குறிப்புக்குச் சிலுவை போட்டிருக்கேன், அண்ணே. நீங்களே முதுகு காட்டி உக்கார வெச்சுட்டு, இவளுக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்றீங்க.

ரெண்டு நாள் இந்தக் கோபத்துலயே கடையில எல்லாருக்கும் எடை தப்பாப் போட்டேன். மூணாம் நாள் டைக்கைக் கூப்பிட்டு, "கல்லை எடு"ன்னேன். "இப்பதானே வெச்சேன்"ன்னான். "வெச்சவனுக்குத்தான் எடுக்கத் தெரியும், எடு"ன்னேன். முதல்ல ரெண்டு பக்கமும் மரத்தால முட்டுக் குடுத்துட்டு, மேலேருந்து ஒவ்வொண்ணா எடுத்தான். அடிக்கல்லை எடுத்ததும், சன்னல் திண்டுல கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கே, ஞாபகம் இருக்கா? தீர்த்தக் குழின்னு சொல்லி, மரு உதிரணும்னு உன் மூக்குல அந்தத் தண்ணியை அம்மா தேச்சாங்களே! அதுல நான் பூசின சுண்ணாம்பைச் சுரண்டச் சுரண்ட, கீழே கறுப்பு. பாசி இல்லை, அழுக்கு இல்லை. சட்டி அடி மாதிரி எண்ணெய்க் கறுப்பு, கல்லுக்குள்ளயே இறங்கியிருக்கு. அது தீர்த்தக் குழி இல்லை அண்ணே. விளக்கு! இருட்டினதும் துறவிங்க விளக்கு ஏத்தியிருக்காங்க. மேற்குச் சன்னல் வழியா அந்த வெளிச்சம் ஊசி மேல மட்டும் விழுந்திருக்கு. உன் தாத்தாவோட தாத்தாவுக்கும் இது தெரியல, பாத்தியா. உன் மூக்குல தேச்சது அந்தப் புனித எண்ணெய்ச் சட்டியைக் கழுவின தண்ணி. மரு போகாததுல ஆச்சரியம் என்ன?

திண்டு மேல தாடையை வெச்சுப் பாத்தேன். எதிரே சின்னச் சன்னல், அதுக்குள்ள கடல் ஒரு துண்டு. அதுல ஒரு படகு போச்சு.

இப்போ நல்லாக் கேளு. சன்னல் திறந்திருக்கு. ஆனா சுவர் இன்னும் வெளியே தள்ளுது. மரமுட்டு ஒரு புயலுக்குத் தாங்கும், ரெண்டாவதுக்குத் தாங்காது. சன்னலையும் விட்டுட்டுச் சுவரையும் நிறுத்தணும்னா, வெளிப்பக்கம் ரெண்டு முட்டுச்சுவர் கட்டி இரும்பு போட்டு இழுத்துக் கட்டணும். கமிட்டியால ஆகாது. அரசாங்கம்தான் பண்ணணும். நாடு பூரா இடிஞ்ச கோயில் இருக்கும்போது, கணக்குத் தப்பிக் கட்டின ஒண்ணுக்கு அவங்க எதுக்குப் பண்ணுவாங்க? ஹாலிகன்கிட்ட நிஜத்தைச் சொன்னாத்தான் உண்டு. அது அப்புறம் புஸ்தகத்துல ஏறும், எல்லாருக்கும் தெரிஞ்சு போகும்.

உன்னைக் கேக்காமலே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அது தீவோட சொத்து, தீவுதான் குடுக்கணும். சாராயத்தை நினைச்சுப் பயப்படாதே. இப்போ அங்கே காய்ச்சறவன் நீ ஒருத்தன்தான், குடிக்கறவனும் நீயேதான்.

செப்டம்பருக்குள்ள பதில் போடு. சுவர் காத்துக்கிட்டு இருக்கும், புயல் காத்துக்கிட்டு இருக்காது.

பாபின்


இனிஷ்லா,
ஆகஸ்ட் 4

பாபின்,

என் வீட்டு அடுப்பங்கரையில கூட்டம் போட்டோம். உன் கடிதத்தைச் சத்தமாப் படிச்சேன். மருவைப் பத்தி எழுதினதை விட்டுட்டுத்தான் படிச்சேன். அண்ணி பிடுங்கி அதையும் படிச்சுட்டா.

பாதிப் பேர் முடியவே முடியாதுன்னாங்க. நானும் அந்தப் பாதியிலதான் இருந்தேன். சொல்லிட்டா நமக்குன்னு என்ன மிச்சம் இருக்கும்னு கேட்டேன். அப்போ ஃபெஸ்டி எழுந்திரிச்சான். "குட்டிப்பன்றி மேல நின்னப்போ நான் சன்னலைத்தான் தேடினேன். சுவரே இல்லாமப் போயிட்டா, ரகசியத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, அதுல நூல் கோர்க்க முடியுமா?"ன்னு கேட்டான். பார்ட்லி கிழவர் பைப்பைத் தட்டிட்டு, "பாபின் கேட்டுட்டுச் செய்யறா பாரு. கரையில இருக்கற எவ கேப்பா? அவ நம்ம ஆளு"ன்னார்.

சொல்லிக்கோ. ஆனா காகிதத்துல படம் போட்டுச் சொல்லக் கூடாது. அந்த எஞ்சினியர் எங்க படகுல ஏறி, கடல்லேருந்து தன் கண்ணால பாக்கணும். அப்புறம் கணக்குத் தப்புன்னு சொல்லட்டும்.

நீயும் வா. முன்பக்கத்துல உக்காரு. மூஞ்சி முன்னாடி பாத்து.

திருவிழாவுக்கு வர்றோம். எல்லாப் படகும்.

கோல்மன்


கில்கெல்லான்,
செப்டம்பர் 15

அண்ணே,

படகுல நான் ஒரு வார்த்தைகூடப் பேசலன்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியறியாம். எனக்கு வாய் அடைச்சுப் போச்சுன்னு வெச்சுக்கோ. அன்னிக்குச் சொல்லாததை இப்போ எழுதிடறேன்.

பாவம் ஹாலிகன். என் ரொட்டியைத் தின்னுட்டுக் கிளம்ப வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. பாதி ரொட்டி மீனுக்குப் போச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், பச்சை மூஞ்சியோட ஓரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாலும் மனுஷர் கோயிலை விட்டுக் கண்ணை எடுக்கல. நீ வேணும்னே படகை முதல்ல தாய்ப்பன்றிப் பக்கமா விட்டே, எனக்குத் தெரியும். சுவர் கறுப்பா, குருடா நின்னுச்சு. "ஒண்ணும் தெரியலையே"ன்னார். நீ சுக்கானை லேசாத் தொட்டே.

அப்போ அது திறந்துச்சு. நான் என்னென்னவோ கற்பனை பண்ணி வெச்சிருந்தேன், பெருசா இருக்கும்னு. அவ்வளவு பெரிய மேட்டுல, அவ்வளவு பெரிய கறுப்புச் சுவர்ல, ஒரு விரல் நகம் அளவுக்கு வெளிச்சம். அவ்வளவுதான். அதை நம்பித்தான் எண்ணூறு வருஷமா நம்ம ஜனம் கரைக்கு வந்து சேந்திருக்கு. நான் பொறந்த அன்னிக்கு மருத்துவச்சியைக் கூட்டிக்கிட்டுப் போக வந்ததும் அந்த வெளிச்சத்தைப் பாத்துத்தானே. முன்னாடி இருக்கறவன்தான் கத்தணும்னு சொன்னே இல்லையா? முன்னாடி இருந்தது நான். கத்தணும்னுதான் வாயைத் திறந்தேன், பழைய பழக்கத்துல கைதான் சிலுவை போட்டுச்சு. எனக்காக ஹாலிகன் கத்தினார் பாத்தியா, டப்ளின் குரல்ல, "திறந்திருக்கு! திறந்திருக்கு!"ன்னு. அப்புறம் மறுபடி ஓரத்துக்கு ஓடினார்.

துறையில இறங்கினதும் அவர் சொன்னதை நீ கேக்கல, கயிறு கட்டிக்கிட்டு இருந்தே. "அம்மா, கணக்குத் தப்பினது நான்தான். தரையில நின்னு அளந்தேன்"ன்னார். நல்ல மனுஷர்னு அன்னிக்கே சொன்னேன் இல்லையா? நேத்து அவர் கடிதம் வந்துடுச்சு. அரசாங்கம் எடுத்துக்குது. குளிர் வர்றதுக்குள்ள முட்டுச்சுவர் கட்டிடுவாங்களாம். எந்தக் கல்லு வேணும்னு கேட்டிருக்கார். கரையில கிடைக்கறது எதுவும் வேண்டாம், சிவப்புப் புள்ளிக் கருங்கல்தான், அது இனிஷ்லாவுல இருக்கு, எங்க அண்ணன் கொண்டுவருவான்னு எழுதிட்டேன். மறுக்காதே. எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி கொண்டுவந்த வீட்டுக்காரங்கதானே.

பக்கத்துப் பங்குக்காரங்க இப்போ சிரிக்கறதில்லை. திசைகாட்டியை எடுத்துக்கிட்டுப் போய் அவங்க கோயிலை அளந்து பாத்தாங்களாம். நேரா கிழக்கே பாக்குதாம். பாவம், அவ்வளவுதான் அவங்களுக்குக் குடுத்து வெச்சது.

உன் தங்கச்சி,
பாபின்


இனிஷ்லா,
நவம்பர் 24

பாபின்,

கடைசிக் கல்லு இறக்கியாச்சு. படகும் என் முதுகும் ஒண்ணா ரிப்பேர் ஆகுது. அரசாங்கக் கூலிக்கு டைக் கட்டின முட்டுச்சுவர் நல்லாத்தான் இருக்கு. அவன்கிட்ட சொல்லாதே, தலை கனத்துடும்.

வியாழக்கிழமை நடந்ததை ஃபெஸ்டி சொல்லியிருப்பான். நாலு படகும் வெளியே இருந்தோம். சாயங்காலம் மழை மூட்டம் இறங்கிடுச்சு. வானமும் கடலும் ஒரே சாம்பல். கோயில் தெரியல, மேடு தெரியல, தாய்ப்பன்றி மேல அலை உடையற சத்தம் மட்டும் கேக்குது. இந்த வெளிச்சத்துல சன்னல் திறந்திருந்து என்ன பிரயோஜனம்னு நினைச்சேன். நிஜமா பயந்தேன்.

அப்போ அந்தச் சாம்பலுக்குள்ள ஒரு மஞ்சள் பொட்டு. அதே உயரத்துல, அதே இடத்துல. நூலைக் கோர்த்துட்டோம். நாலு படகும், ஒண்ணு பின்னால ஒண்ணா.

துறையில கால்வே பட்டணத்துலேருந்து வந்த மீன் வியாபாரி நின்னுக்கிட்டு இருந்தார். மேட்டைக் காட்டி, "அந்தப் பாழுங்கோயில்ல விளக்கு எரியுதே, யார் ஏத்தறாங்க?"ன்னு கேட்டார்.

எங்க தீவுக்காரி ஒருத்தி ஏத்தறான்னு சொன்னேன்.

கோல்மன்